பாலத்துப் பலகையில் ஒரு காப்பி மேசை

என் மனைவி இறந்த அன்று கூடத்து நாற்காலிகளைச் சுவரோரமாகத் தள்ளிவைத்தார்கள். அவளை நடுவில் கிடத்த இடம் வேண்டியிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகும் அந்த நாற்காலிகள் சுவரோரமாகவே நின்றுவிட்டன. யாரும் அவற்றைத் திரும்ப இழுத்துப் போடவில்லை. நானும் போடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் இந்தச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டு அந்தச் சுவரோரம் இருப்பவரோடு பேசினார்கள். எழுந்து போகும்போது நடுவில் கால் வைக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனார்கள்.

வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள். குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும், குழந்தை இல்லை. காஜா பெராங்கில், தலைமுறைகளாக இங்கேயே வேரூன்றி மலாய் பேசும் செட்டி மக்கள் குடியிருக்கும் தெருவை ஒட்டி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் சாலைகளையும் பாலங்களையும் பார்த்துக்கொள்ளும் இலாகாவில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா வேலை. காலையில் போய் மாலையில் வருவேன். அவள் இறந்த பிறகும் அப்படியே போய் வந்துகொண்டிருந்தேன்.

நான் அழவில்லை. அழுவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சுடுகாட்டில் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார், நான் எப்போது சாய்வேன் என்று பார்ப்பவர் போல. நான் அவருடைய சட்டைப் பொத்தானில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்ததைக் கவனித்தேன். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் உதடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகுமே, அதுபோல எனக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் இருந்தது. வலி இல்லை. பசி வேளைக்கு வரும், சாப்பிடுவேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

செமாபோக்கில் குடும்பத்தோடு இருந்த என் அக்கா தினமும் காலை பஸ்ஸில் வந்து சமைத்து வைத்துவிட்டு மாலையில் திரும்பிப் போவாள். வருகிறவர்களுக்குக் காப்பி கலக்கிக் கொடுப்பதும் அவள்தான். கோப்பையை வைக்க இடம் கிடையாது. கையிலேயே வைத்திருப்பார்கள், அல்லது காலடியில் தரையில் வைப்பார்கள். ஒரு நாள் என் ஆபீசிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எழும்போது கோப்பையைத் தட்டிவிட்டார். காப்பி கூடத்தின் நடுவரை ஓடியது. அக்கா துணியோடு வந்தவள் அந்த இடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நான் துணியை வாங்கித் துடைத்தேன். குனிந்து துடைத்துக்கொண்டிருந்தபோது, இங்கே ஒரு தாழ்வான மேசை வேண்டும் என்று தோன்றியது. அந்த மாதங்களில் எனக்குத் தானாகத் தோன்றிய எண்ணம் அது ஒன்றுதான்.

அப்படி ஒரு மேசையை எங்கள் வெள்ளைக்கார இன்ஜினியர் வீட்டில் பார்த்திருந்தேன். கையெழுத்து வாங்கப் போகும்போது வாசலில் நின்றே பார்த்தது. நாற்காலிகளுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்கு இருக்கும். அதன்மேல் காப்பித் தட்டும் ஆங்கிலப் பத்திரிகைகளும் கிடக்கும். அவர் அப்போது ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, துரைமார்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள் என்று ஆபீசில் அதே பேச்சாக இருந்தது. யாருடைய நாற்காலிக்கு யார் வருவார் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டார்கள். எனக்கு அதிலும் ஒன்றும் தோன்றவில்லை.

மேசையைச் சீனர் கடையில் வாங்கியிருக்கலாம். ஏன் வாங்கவில்லை என்று அக்கா கேட்டாள். தெரியவில்லை என்றேன். வேலை விட்டு வந்து இருட்டும்வரை கைகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் காரணமாக இருந்திருக்கும்.

மரம் ஆபீசிலேயே கிடைத்தது. ஒரு பழைய மரப் பாலத்தைப் பிரித்துவிட்டு சிமெண்டில் கட்டியிருந்தார்கள். கழற்றிய பலகைகள் கிடங்குக்குப் பின்னால் மழையில் கிடந்தன. செங்கால் என்று இங்கே எல்லோரும் சொல்லும் காட்டு மரம். கறையான் தொடாது, தண்ணீரில் கிடந்தாலும் உளுத்துப்போகாது, இரும்பு மாதிரி கனக்கும். கிடங்கு மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அந்த நாட்களில் எல்லோருமே என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் சொன்னார்கள். பலகைகளை ஒரு மூன்று சக்கர மிதிவண்டித் திரிஷாவின் இருக்கையில் ஏற்றிக் கட்டினோம். திரிஷாக்காரரால் மேட்டில் மிதிக்க முடியவில்லை. இறங்கித் தள்ளினார்; நானும் பின்னால் தள்ளினேன். வழியெல்லாம் அவர் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கருவிகளைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் வாங்கினேன். அவர் செட்டி, தபால் இலாகாவில் வேலை. எங்களைப் போலவே மாரியம்மன் கோயிலுக்கு வருவார், நெற்றி நிறைய விபூதி வைப்பார், பேச்சு மட்டும் முழுக்க மலாய். வீட்டு ரிப்பேருக்கென்று ஒரு ரம்பமும், உளிகளும், கொட்டாப்புளியும், ஓர் இழைப்புளியும் வைத்திருந்தார். மேசை செய்யப்போகிறேன் என்றதும் சிரிக்கவில்லை. "பாக்காய்லா" என்று, எடுத்துக்கொள் என்கிற மாதிரி பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

எனக்குத் தச்சு வேலை எதுவும் தெரியாது. ஆணி அடித்தால் வளையும். கிணற்றடிக்குப் பக்கத்தில் இரண்டு மண்ணெண்ணெய்ப் பெட்டிகளைப் போட்டு அதன்மேல் பலகையை வைத்து இழைக்க ஆரம்பித்தேன். மேலே சாம்பல் நிறத்தில் பாசி படிந்து கிடந்த பலகை, நாலு இழுப்பு இழுத்ததும் உள்ளே தேன் நிறத்தைக் காட்டியது. ஐந்தாவது இழுப்பில் உள்ளே புதைந்திருந்த ஒரு பழைய ஆணியில் மோதி இழைப்புளியின் வாய் உடைந்தது. அதைத் தீட்டக் கற்றுக்கொள்ளவே பல மாலைகள் போயின. தீட்டினாலும் அந்த மரத்தில் கூர் நிற்காது. கொஞ்சம் இழைப்பேன், தீட்டுவேன், மறுபடி இழைப்பேன். தோள் வலிக்க வேண்டும். வலித்ததா என்று நினைவில்லை. பலகை மெல்ல மெல்லச் சமமாகிக்கொண்டு வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

என் மனைவியின் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, சைக்கிளில் வருவான். அவள் இருந்தவரை அவனுக்கும் எனக்கும் அதிகப் பேச்சு இருந்ததில்லை. வந்தால் நேரே அடுப்படிக்குப் போய் அவளோடு பேசிச் சிரித்துக்கொண்டிருப்பான். இப்போது அடுப்படியில் என் அக்காதான் இருந்தாள். அதனால் அவன் கூடத்தில் ஒரு சுவரோரம் உட்காருவான், நான் எதிர்ச்சுவரோரம் உட்காருவேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போகிறார்கள் என்று ஒரு வாரம் சொல்வான். இன்னும் விற்கவில்லை என்று அடுத்த வாரம் சொல்வான். காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவான். ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போகிறான் என்று அக்கா சொன்னாள். நான் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூடத்தில் உட்காராமல் கிணற்றடியிலேயே இருந்துவிட்டேன். அவன் அங்கே வந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வாரம் வரும்போது தோட்டத்துப் பட்டறையிலிருந்து ஒரு பெரிய ரம்பத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான்.

அவனுக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு பேருமாகச் செய்த தப்புகள் கொஞ்சமல்ல. அளவுகோலின் முனை உடைந்திருந்தது. நான் உடைந்த பக்கத்திலிருந்து அளந்து கோடு போட்டேன், அவன் நல்ல பக்கத்திலிருந்து அளந்து கோடு போட்டான். கால்களை அறுத்து நிறுத்திப் பார்த்தால் இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. நெட்டையைக் குறைத்தோம். குறைத்தது கோணலாகிப்போனது. மறுபடி குறைத்தோம். முழங்கால் உயரம் என்று நான் நினைத்திருந்தது கெண்டைக்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. அதற்குமேல் தொடவேண்டாம் என்று முடிவு செய்தோம். இதையெல்லாம் ஏறக்குறைய பேசாமலே செய்தோம். "பிடிங்க", "விடுங்க", "கொஞ்சம் இந்தப் பக்கம்", அவ்வளவுதான். அக்கா அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஊமையும் ஊமையும் சேர்ந்து வீடு கட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

சுதந்திரம் வந்த அன்று லீவு. அக்கா குடும்பத்தோடு ஊர்வலம் பார்க்கப் போய்விட்டாள். எங்கள் தெருவில் எல்லா வாசலிலும் புதுக்கொடி. பக்கத்து வீட்டுக்காரர் புதுச் சட்டையும் சாரோங்குமாக, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாடாங் திடலுக்குக் கிளம்பினார்; என்னையும் வரச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். காலை பத்து மணி போலத் தெருவே காலியாகிவிட்டது. தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்டது. அப்போது மச்சான் சைக்கிளில் வந்து இறங்கினான். அவனும் ஊர்வலத்துக்குப் போகவில்லை.

மேசைக் கால்களில் குழி வெட்டும் வேலை மிச்சம் இருந்தது. குறுக்குச் சட்டத்தின் முனையை மெலிதாகச் செதுக்கி, காலில் வெட்டிய குழிக்குள் அடித்து இறுக்க வேண்டும். அவன் காலைப் பிடித்துக்கொண்டான். நான் உளியை வைத்து அடித்தேன். செங்காலில் உளி இறங்குவது சுலபமில்லை; ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்கவேண்டும். ஓர் அடியில் உளி வழுக்கியது. இடது உள்ளங்கையில், கட்டை விரலுக்குக் கீழே போய் இறங்கியது.

நான் அடுத்த அடிக்குக் கொட்டாப்புளியை ஓங்கிவிட்டேன். மரத்தில் சிவப்பாக ஏதோ பரவுவதைப் பார்த்து, செங்காலுக்குள்ளிருந்து சாறு வருகிறது என்றுதான் நினைத்தேன். மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தான். கையைத் திருப்பிப் பார்த்தேன். தோல் பிளந்திருந்தது. என்னுடைய கை என்று தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

"வலிக்கலையா மச்சான்?" என்று கேட்டான்.

"இல்ல."

அவன் தண்ணீர் இறைத்துக் கையைக் கழுவினான். தன் கைக்குட்டையை எடுத்து இறுக்கிக் கட்டினான். கட்டிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. முதலில் சத்தம் இல்லை. பிறகு வாயைத் திறந்து, பெரிய ஆம்பிளை, சிறு பிள்ளை மாதிரி அழுதான். தன் அக்கா இறந்ததற்கு அவன் அழுது நான் பார்த்ததில்லை. கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதான். நான் கட்டுப் போட்ட கையை உயரத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவனைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்படி ஏதாவது ஒன்று எனக்குள் தோன்றி வெகு நாளாகியிருந்தது.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தவன் நின்றபடியே சொன்னான்.

"வீட்ல ஒன்னு கேட்டு வரச் சொன்னாங்க. வர்றப்பல்லாம் கேக்கணும்னுதான் வர்றேன். கேக்காமலே போயிடுறேன்."

"சொல்லுங்க."

"தங்கச்சிய உங்களுக்கே கட்டி வெச்சிரலாம்னு அப்பா நெனைக்கிறாரு. வேற எடத்துல நீங்க பண்ணிக்கிட்டா ஒறவு விட்டுப்போயிரும்னு சொல்றாரு."

சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அந்த மாதங்களில் நான் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இட்லி ஊற்றவா என்றால் சரி. உனக்கு வேறு மேசைக்கு மாற்றல் என்றால் சரி. கொஞ்ச நாள் செமாபோக்கில் வந்து இரு என்றால் சரி, வேண்டாம் இங்கேயே இரு என்றால் அதற்கும் சரி. இதற்கும் சரி என்றிருந்தால் இரண்டு மாதத்தில் கல்யாணம் நடந்திருக்கும். மணவறையில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில், இப்போது இந்தக் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. எங்கள் கல்யாணத்தின்போது இரட்டைச் சடை போட்டுக்கொண்டு என் செருப்பை ஒளித்து வைத்தவள்.

"இப்ப என்கிட்ட எதைக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவேன்" என்றேன். "அதனால என்கிட்ட கேக்காதீங்க. தங்கச்சியக் கேட்டீங்களா?"

"அவள யாரும் கேக்கல."

"போயி கேளுங்க. அது என்ன சொல்லுதோ அதான் என் பதில். மாமாகிட்ட அப்படியே சொல்லுங்க."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு உளியை எடுத்து, என்னை மேசைக் காலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மிச்சக் குழிகளை அவனே வெட்டினான். நான் ஒரு கையால் பிடித்தேன். பாடாங்கிலிருந்து திரும்பி வந்தவர்களின் பேச்சுச் சத்தம் தெருவில் கேட்க ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினோம்.

அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவன் பதில் கொண்டுவந்தான். தங்கச்சி நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறாளாம். எழுதிப் போட்டு இடமும் கிடைத்துவிட்டதாம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம். கேட்டதும் முதலில் பயந்துபோய், பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளாம். மாமா நாலு நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் அவளுக்குப் பெட்டி வாங்க ஊருக்குள் போனாராம். எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று மதியம் அக்கா வைத்த மீன் குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது எனக்குத் தெரிந்தது. சொன்னேன். அக்கா கோபித்துக்கொள்ளாமல் என்னையே பார்த்தாள்.

மேசை அந்த மழைக்காலத்துக்கு முன்பே முடிந்தது. மேல்பலகை மூன்றையும் பசை வைத்து ஒட்டி, கீழேயிருந்து திருகாணி போட்டு, கொஞ்சமும் அசையாதபடி முறுக்கினோம். மணல்தாள் தேய்த்து வார்னிஷ் அடித்ததும் பாலத்தில் கிடந்த பலகை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பழைய ஆணிகள் இருந்த இடங்களில் மட்டும் கறுப்பு வட்டங்கள் நின்றன. ஒரு கால் மெல்ல ஆடியது. அட்டையை மடித்து வைத்தோம். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் இறக்கினோம். அக்கா நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்து அதைச் சுற்றிப் போட்டாள். குனிந்து கோப்பையை எடுக்கவேண்டிய அளவுக்குத் தாழ்வாக இருந்தது. வந்தவர்கள் குனிந்து எடுத்துக் குடித்தார்கள்.

முதல் திவசம் வந்தபோது கடும் வெயில் காலம். வாரக்கணக்கில் மழை இல்லை. படையல் முடிந்து, சாப்பாடு முடிந்து, உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா, மாமாவின் அக்கா, மச்சான், ஆஸ்பத்திரி ஹாஸ்டலிலிருந்து லீவு போட்டு வந்திருந்த மச்சினி. அக்கா மேசைமேல் காப்பியை வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள். அப்போது வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கோப்பைகள் எல்லாம் ஒரு துள்ளுத் துள்ளின. மேல்பலகையில் ஒரு முனையிலிருந்து பாதிவரை, விரல் நகம் நுழையும் அகலத்துக்குப் பிளந்திருந்தது.

மாமாவின் அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். "வந்துட்டா" என்றார் மெதுவாக. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சுடுகாட்டில் என் தோளைப் பிடித்தவர் பார்த்த அதே பார்வை. இப்போதாவது ஏதாவது வருகிறதா என்று நானும் பார்த்தேன். திருகாணியை எந்த இடத்தில் போட்டோம் என்ற யோசனைதான் வந்தது.

மச்சினி எழுந்து வந்து மேசைக்கு முன்னால் மண்டியிட்டாள். விரலால் பிளவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்த்தாள். முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அத்தான், இதுக்குத் தையல் போடலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்துவிட்டேன். திவச வீட்டில் சிரித்துவிட்டோமே என்று நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. மச்சான் சிரித்தான். மாமாவும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். மாமாவின் அக்கா மட்டும் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார்.

மறு வாரம் மேசையைக் கவிழ்த்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மழையில் கிடந்த மரம் வெயிலில் சுருங்கும். சுருங்க இடம் விடாமல் முறுக்கி வைத்திருந்தோம், அதனால் கிழிந்துகொண்டது. திருகாணிகளைக் கழற்றி, துளைகளைக் கொஞ்சம் நீளமாக்கி, அசைய இடம் விட்டுப் போட்டோம். பிளவை ஒன்றும் செய்யவில்லை. மழைக்காலத்தில் அது மூடிக்கொள்ளும், வெயில் காலத்தில் திறந்துகொள்ளும்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலையில் பசாருக்குப் போயிருந்தேன். சமையலை நானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்த நேரம். மீன் விற்கிற மலாய்க்கார அம்மா என் பையில் கெம்போங் மீனைப் போட்டுக்கொண்டே, "பினி மானா?" என்று கேட்டார். என் மனைவி எங்கே, ஏன் ரொம்ப நாளாக அவள் வரவில்லை என்கிறார். ஊரெல்லாம் தெரிந்த செய்தி அவருக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஈரப் பையைப் பிடித்துக்கொண்டு, ஐஸ் கரைந்து ஓடுகிற சிமெண்டுத் தரையில் நின்று அழுதேன். அந்த அம்மா கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. தன் முக்காலியை நகர்த்திக் கொடுத்தார். உட்கார்ந்தேன். அவர் வந்தவர்களுக்கு மீன் நிறுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

சில வருஷங்களுக்குப் பிறகு புக்கிட் காதிலில் ஒரு வீட்டுக்குக் குடிபோனேன். அதற்குள் மச்சினி படித்து முடித்து, தான் பார்த்த ஒருவரையே கட்டிக்கொண்டு சிரம்பானுக்குப் போய்விட்டாள். எனக்கும் மறுபடி கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அக்கா பார்த்த இடம். இம்முறை சரி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு மாதம் யோசித்தேன். சாமான் ஏற்ற மச்சான் லாரியோடு வந்திருந்தான். மேசையைக் கடைசியாகத் தூக்கினோம். வாசல் குறுகலாக இருந்ததால் நிமிர்த்திப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம்.

"கால முதல்ல விடு" என்றேன்.

"கால விட்டா பலக இடிக்கும். மேல்பக்கத்த முதல்ல விடுங்க மச்சான்."

"நான் சொல்றதக் கேளு."

"ஒவ்வொரு தடவையும் நீங்க சொல்றதக் கேட்டுத்தான் இது இந்த ஒசரத்துல நிக்கிது."

அவன் சொன்ன மாதிரியே விட்டோம். நிலையில் கொஞ்சம் உரசிக்கொண்டு வெளியே வந்தது. லாரிக்காரர் ஒரு முனையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே கல்லையா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.